பின்புலம்

எங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் நான்கு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு கூட்டம், தேநீர், பதிவேட்டில் கையெழுத்து, 'புகார் ஏதும் பெறப்படவில்லை' என்று ஒரு வரி அறிக்கை. ஐந்தாம் ஆண்டில் உண்மையாகவே ஒரு புகார் வந்தது. தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த இளம் விரிவுரையாளர் ஒருவர் தன் துறைத்தலைவர் மீது கொடுத்தது. விசாரணை தொடங்கும் முன்பே துறைத்தலைவர் தரப்பிலிருந்து முதல்வருக்கு ஒரு கடிதம் போனது. குழுவில் நான் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். நான் பெண்ணியக் கவிதைகள் எழுதுகிறவள், இரண்டு தொகுப்புகள் வெளியிட்டவள், மேடைகளில் பேசுகிறவள், ஆகவே முன்முடிவோடு வருகிறவள். கடிதத்தோடு என் கவிதை ஒன்றின் நகலையும் இணைத்திருந்தார்கள். சில வரிகளுக்கு அடிக்கோடு இட்டிருந்தார்கள். அவ்வளவு கவனமான வாசகர் எனக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்க்கவில்லை.

முதல்வர் அழைத்துப் பேசினார். "உங்களுக்கெதுக்கு மேடம் இந்தத் தலைவலி? நீங்களா ஒதுங்கிக்கிட்டா மரியாதையா இருக்கும்." நான் ஒதுங்கிக்கொண்டேன். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிக் கொடுத்தேன். என் இடத்தில் வந்த பேராசிரியை துறைத்தலைவரின் குடும்பத்தோடு பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர். அவருடைய நடுநிலையைப் பற்றி யாரும் கடிதம் எழுதவில்லை. 'போதிய ஆதாரம் இல்லை' என்று அறிக்கை வந்தது. அந்தக் கல்வியாண்டின் முடிவில் அந்தப் பெண்ணின் பணி நீட்டிக்கப்படவில்லை.

மதுரையில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் தோழி ஒருத்தி இருக்கிறாள். பணிநீக்கம், சம்பள பாக்கி, பணிக்கொடை என்று அவளுடைய மேசையில் எப்போதும் கட்டுகள் குவிந்திருக்கும். நடந்ததை அவளிடம் சொன்னபோது அவள் ஆறுதல் சொல்லவில்லை. "நீ ஏன்ப்பா எழுதிக் குடுத்த? அவங்க கேட்டா மறுத்து ஆர்டர் போடணும். மறுக்கிறதுக்கும் காரணம் எழுதணும். அதுதான் வேலையே." பிறகு கணினியில் தேடி ஒரு தீர்ப்பை அச்செடுத்துக் கொடுத்தாள். 1975ஆம் ஆண்டு, நியூயார்க் தென் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம், பிளாங்க் எதிர் சல்லிவன் அண்ட் கிராம்வெல். எழுதியவர் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி.

பேருந்தில் வரும்போதே படித்து முடித்துவிட்டேன். சிறிய உத்தரவுதான். அதற்குப் பின்னால் இருந்த ஆயுளைப் படித்து முடிக்கத்தான் ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

வழக்கறிஞர்களின் அறிமுகக் குறிப்புகளை நாம் பார்த்திருக்கிறோம். இன்ன பல்கலைக்கழகத்தில் பட்டம், இன்ன ஆண்டில் பதிவு, வணிக வழக்குகளிலும் வேலைவாய்ப்பு வழக்குகளிலும் இத்தனை ஆண்டு அனுபவம், நிறுவனங்களுக்காகவும் வாதாடியிருக்கிறார், ஊழியர்களுக்காகவும் வாதாடியிருக்கிறார். நான்கு வரியில் அடங்கிவிடும். அந்த நான்கு வரியை ஒரு பெண் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ள எத்தனை காலம் பிடித்தது என்பது அந்தக் குறிப்பில் இருக்காது. சிகாகோவில் சட்டச் செய்தி இதழ் ஒன்றையே நடத்திவந்த மைரா பிராட்வெல் தேர்வில் தேறிய பிறகும் வழக்கறிஞராக முடியவில்லை. மனைவியாக, தாயாக இருப்பதே பெண்ணுக்குப் படைத்தவன் விதித்த கடமை என்று 1873இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் எழுதினார். 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா விண்ணப்பித்தபோது, சட்டத்தில் உள்ள 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்றார்கள். அதைத் திருத்த இங்கே 1923இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. தமிழில் 'வழக்கு' என்ற சொல்லுக்கு மரபாக வரும் நடைமுறை என்றும் பொருள், நீதிமன்றத்தில் தொடுப்பது என்றும் பொருள். இந்தப் பெண்கள் எல்லோரும் வழக்கை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள். பெரும்பாலும் வழக்குதான் வென்றது, முதல் பொருளில்.

மாட்லி 1921இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது பிள்ளை. பெற்றோர் கரீபியக் கடலின் நெவிஸ் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் மன்றங்களுக்குச் சமையல்காரர். அந்தப் பல்கலைக்கழகத்தின் சோறுதான் அந்த வீட்டுக்கும் சோறு போட்டது, ஆனால் அதன் வகுப்பறைகள் அந்த வீட்டுக்கு உரியவை அல்ல. மகள் முடிதிருத்தும் அழகுக்கலை கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மா நினைத்தார். பள்ளியை நன்றாக முடித்தும் மேலே படிக்கப் பணமில்லாமல், அரசின் இளைஞர் வேலைத் திட்டத்தில் நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கறுப்பின மக்களுக்கான சமூகக் கூடம் ஒன்றில் கூட்டம். அந்தக் கூடத்தை ஏன் மக்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது பேச்சு. நிர்வாகக் குழுவில் எங்கள் ஆட்கள் இல்லை, அதனால்தான் என்று அந்த 18 வயதுப் பெண் எழுந்து சொல்லிவிட்டார். கூடத்தைக் கட்டிக்கொடுத்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்னும் வெள்ளையினத் தொழிலதிபர் அங்கே உட்கார்ந்திருந்தார். கோபப்பட்டிருக்கலாம். மாறாக, கூப்பிட்டு விசாரித்து, படிப்புச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்குகிறேன். புரவலர் வந்து கைதூக்கிவிடும் கதைகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் அந்தப் பெண் அன்று கேட்டது உதவி அல்ல. குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

கொலம்பியா சட்டக் கல்லூரியில் படித்து 1946இல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே, 1945இல், தர்குட் மார்ஷல் தலைமையில் இயங்கிய என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். வேறு வழக்கறிஞர் நிறுவனங்கள் கறுப்பினப் பெண்ணுக்கு வேலை தருகிற காலமல்ல அது. வெள்ளையினப் பெண்களுக்கே தரவில்லை. 1952இல் ஸ்டான்ஃபோர்டில் முன்னணி மாணவியாகப் படித்து முடித்த சாண்ட்ரா டே ஓ'கானருக்குப் பெரிய நிறுவனம் ஒன்று தர முன்வந்தது செயலாளர் வேலை. 1959இல் கொலம்பியாவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட ரூத் பேடர் கின்ஸ்பர்க்கை நியூயார்க்கின் ஒரு நிறுவனமும் எடுத்துக்கொள்ளவில்லை. இருவரும் பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆனார்கள். ஆகாமல் போனவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பதில்லை.

மாட்லியின் முதல் நீதிமன்ற விசாரணை ஒரு சம்பள வழக்கு. இதை நான் எதிர்பார்க்கவில்லை. குடியுரிமைப் போராட்டம் என்றால் பேருந்து, பள்ளி, வாக்கு என்றுதான் நமக்கு நினைவு வரும். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஒரே வேலைக்குக் கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளையின ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம். 1948இல் கிளாடிஸ் நோயல் பேட்ஸ் என்ற அறிவியல் ஆசிரியை வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு அதை நடத்த நியூயார்க்கிலிருந்து ராபர்ட் கார்ட்டரும் மாட்லியும் போனார்கள். அந்த நகரத்தின் கூட்டாட்சி நீதிமன்ற அறையில், நீதிபதியின் இருக்கைக்குப் பின்னால், 1938இல் தீட்டப்பட்ட பெரிய சுவரோவியம் இருந்தது. ஒரு பக்கம் நன்றாக உடுத்திய வெள்ளையினக் குடும்பம், மறுபக்கம் பருத்தி எடுக்கும் கறுப்பின மக்கள். வழக்கறிஞர் எழுந்து நின்று நீதிபதியைப் பார்த்தால் அந்தப் படத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிற்காலத்தில், 1960களில், அதைத் திரை போட்டு மூடினார்கள்.

அந்த வழக்கு தோற்றது. மாநிலச் சட்டப்படி முதலில் கல்வித் துறை அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும், நேராக இங்கே வந்தது தவறு என்றார்கள். பேட்ஸுக்கும் ஆசிரியராக இருந்த அவர் கணவருக்கும் வேலை போனது. வீடு எரிந்தது. உரிய வழியில் முறையிட்டிருக்க வேண்டும் என்ற வாக்கியத்தை நம் ஊர் ஆசிரியர்களும் அறிவார்கள். அந்த உரிய வழியின் வாசலில் யார் மேல் புகாரோ அவரே உட்கார்ந்திருப்பார்.

அடுத்த 15 ஆண்டுகள் அவர் தெற்கு மாநிலங்களின் விசாரணை நீதிமன்றங்களில் கழித்தார். மேல்முறையீட்டில் வாதாடுவது ஒரு கலை. விசாரணை நீதிமன்றம் வேறு. சாட்சியைக் கூண்டில் ஏற்றி, ஆவணத்தை வெளியே வரவழைத்து, எதிராளி சொல்லாமல் விட்டதைச் சொல்லவைக்க வேண்டும். பெண்களுக்கு அது ஒத்துவராது என்பது அந்தத் தொழிலின் பொதுக் கருத்து. பெண் வழக்கறிஞர் வந்தால் உயில், சொத்து நிர்வாகம் ஆகிய பிரிவுகளில் உட்காரவைப்பார்கள். சத்தம் போடாமல் செய்யலாம், கட்சிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

1961இல் ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர முயன்ற வழக்கை எடுத்துக்கொள்ளலாம். கறுப்பினத்தவர் என்பதற்காக மறுக்கிறோம் என்று பல்கலைக்கழகம் சொல்லவில்லை. முன்னாள் மாணவர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். முன்னாள் மாணவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அவ்வளவுதான், வேறு விதி தேவையில்லை. மாட்லி பல்கலைக்கழகப் பதிவாளரைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார். நிறத்தைப் பார்த்ததே இல்லை என்று அவர் சாதித்தார். நீதிபதியோ வாய்தா மேல் வாய்தா போட்டார். எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாய்தா, நேரமில்லை என்று ஒரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் நியூயார்க்கிலிருந்து போய்த் திரும்ப வேண்டும். கீழ் நீதிமன்றம் இரண்டு முறை மறுத்த பிறகு, 1962 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அக்டோபர் 1ஆம் தேதி மெரிடித் வகுப்புக்குப் போனார். முந்தின இரவுக் கலவரத்தில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மாட்லிக்கு ஜாக்சனில் துணையாக இருந்த மெட்கர் எவர்ஸ் அடுத்த ஆண்டு தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விளிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெற்கின் நீதிமன்றங்களில் கறுப்பினப் பெண்ணை 'மிஸ்', 'மிஸஸ்' என்று அழைக்கும் வழக்கம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். 1963இல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற போராட்டக்காரர், 'மிஸ் ஹாமில்டன்' என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்று கூண்டில் நின்றுவிட்டார். அதற்காக 50 டாலர் அபராதமும் 5 நாள் சிறையும் விதித்தார்கள். மாட்லி வேலை பார்த்த அதே நிதியம் அதை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோய் 1964இல் வென்றது. ஒரு விகுதிக்காக உச்ச நீதிமன்றமா என்று ஆங்கிலத்தில் யோசிப்பவருக்குத் தோன்றலாம். 'வந்தாள்', 'வந்தார்' இரண்டுக்கும் இடையில் நூற்றாண்டுகளை வைத்திருக்கும் மொழியில் பிழைக்கிற நமக்குத் தோன்றாது.

உச்ச நீதிமன்றத்தில் மாட்லி 10 வழக்குகளில் வாதாடி 9இல் வென்றார். அங்கே வாதாடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ஆனாலும் 1961இல் மார்ஷல் நீதிபதியாகப் போனபோது நிதியத்தின் தலைமை மாட்லிக்கு வரவில்லை. அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால் சேர்ந்த ஜாக் கிரீன்பெர்க்குக்குப் போனது. நியாயத்துக்காகவே நடத்தப்படும் அலுவலகத்தின் உள்ளேயும் அந்த நாற்காலி ஆணுக்குத்தான். இதை எழுதும்போது எனக்கு நம் இயக்கங்களின், சிறுபத்திரிகைகளின் ஆசிரியர் குழுக்கள் ஞாபகம் வருகின்றன. அது வேறு கட்டுரை.

1966இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவரை நியூயார்க் தென் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு நியமித்தார். நாட்டின் முதல் கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதி. மிசிசிப்பியின் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் பல மாதங்கள் நியமனத்தை இழுத்தடித்தார். ஜாக்சனில் சுவரோவியம் இருந்த அந்த நீதிமன்றக் கட்டடத்துக்குப் பிற்பாடு ஈஸ்ட்லண்டின் பெயரையே வைத்தார்கள் என்பது இந்தக் கதையின் பக்கவாட்டில் கிடக்கும் செய்தி.

இப்போது பிளாங்க் வழக்கு. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன் ஏழாம் பிரிவில் 'பால்' என்ற சொல்லைச் சேர்த்தவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், அந்தச் சட்டத்தையே எதிர்த்தவர். அவையில் சிரிப்பு எழுந்தது. மார்த்தா கிரிஃபித்ஸ் என்ற பெண் உறுப்பினர் எழுந்து, நாம் இரண்டாம் தரம் என்பதற்கு இந்தச் சிரிப்பே சாட்சி என்ற பொருளில் பேசினார். திருத்தம் நிறைவேறியது. 1960களின் கடைசியில் நியூயார்க் சட்டக் கல்லூரி மாணவிகள் ஒரு வேலை செய்தார்கள். பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வரும்போது தங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று ஒருவரோடொருவர் பேசிக் குறித்துவைத்தார்கள். கல்யாணம் எப்போது, குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள், கட்சிக்காரர்கள் பெண்ணிடம் ஆலோசனை கேட்பார்களா. தனித்தனியாக ஒவ்வொருத்தியும் தன் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தது, சேர்த்து வைத்தபோது ஆதாரமாக ஆனது. கொலம்பியாவில் ஹாரியட் ராப் நடத்திய வேலை உரிமைத் திட்டம் அவர்களுக்காக வழக்குகளை எடுத்தது.

டயேன் பிளாங்க் அந்த மாணவிகளில் ஒருவர். அவர் தனக்காகவும் தன்னைப் போன்ற பெண்கள் எல்லோருக்காகவும் வழக்குத் தொடுத்தது சல்லிவன் அண்ட் கிராம்வெல் மீது. 1879இல் தொடங்கிய நிறுவனம், பெருந்தொழில்களின் சட்டத் துணை. ஐசன்ஹோவர் காலத்து வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் அதன் தலைமைப் பங்காளியாக இருந்தவர். மற்றவர்களுடைய நிறுவனங்களுக்கு வேலைவாய்ப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிற இடம், தானே அந்தச் சட்டத்தின் கீழ் பிரதிவாதியாக நின்றது. வழக்கு மாட்லியிடம் வந்தது.

மாட்லி விலக வேண்டும் என்று நிறுவனத் தரப்பு பிரமாணப் பத்திரம் போட்டது. வேலையில் இனத்தாலும் பாலாலும் பாகுபாட்டுக்கு ஆளானவர்களோடு இந்த நீதிபதி தன்னை அடையாளப்படுத்திக்கொண்டவர் என்பது காரணம். அதாவது ஜாக்சன் ஆசிரியைக்காக நின்றது, மெரிடித்துக்காக அலைந்தது, பெண்ணாய்ப் பிறந்தது எல்லாம் சேர்த்து ஒரு குற்றப்பட்டியல். எந்தத் தகுதி அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்ததோ அந்தத் தகுதியே நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் காரணம் என்றார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் பென்சில்வேனியாவில் ஒரு தொழிற்சங்கம், கறுப்பின நீதிபதி லியோன் ஹிக்கின்பாதம் இனப் பாகுபாட்டு வழக்கை விசாரிக்கக் கூடாது என்று இதே போலக் கேட்டு, அவர் மறுத்திருந்தார்.

மாட்லி என்ன பதில் எழுதினார்? இங்கேதான் நான் பேருந்தில் தாளை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பெண்ணாக இருந்தாலும் நடுநிலையோடு இருப்பேன் என்று அவர் எழுதவில்லை. நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன், அதையும் மூன்று பக்கத்துக்கு. அவர் முதலில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். ஆமாம், என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கறுப்பின மக்களுக்காகச் செலவிட்டேன். ஆமாம், நான் பெண். நீதிபதியாகும் முன் பெண் வழக்கறிஞராக இருந்தேன். இவை எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். இவற்றால் மட்டும் ஓரவஞ்சனை என்று ஆகிவிடாது. பிறகு ஒரே வாக்கியத்தில் மேசையைத் திருப்பிவிடுகிறார். பின்புலமும் பாலும் இனமும் விலகுவதற்குக் காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் இந்த வழக்கை விசாரிக்க முடியாது, ஏனென்றால் எல்லோரும் வழக்கறிஞர்களாக இருந்தவர்கள், எல்லோருக்கும் ஒரு பால் இருக்கிறது, பலர் பெரிய நிறுவனங்களிலிருந்தே வந்தவர்கள். உத்தரவு: விலகல் மனு தள்ளுபடி.

எல்லோருக்கும் ஒரு பால் இருக்கிறது என்பதை நீதிமன்ற ஆவணத்தில் எழுத வேண்டியிருந்தது. இலக்கண வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் நான் இதை நடத்துகிறேன். உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால். ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத ஒருமை, உயர்திணையில் கிடையாது. அப்படி ஒன்று வேண்டுமென்றால் அஃறிணைக்குப் போக வேண்டும். நீதிபதியை 'அவர்' என்று சொல்லும்போது நாம் பலர்பாலை மரியாதைக்காக ஒருமையில் பயன்படுத்துகிறோம், அதற்குள் பாலை ஒளித்துவைக்கிறோம். ஆண் நீதிபதிக்கு அந்த ஒளிப்பு நன்றாகப் பொருந்துகிறது, பெண் நீதிபதிக்கு நழுவிவிடுகிறது. பெண்ணுக்கு மட்டும்தான் பால், கறுப்பினத்தவருக்கு மட்டும்தான் இனம், தலித்துக்கு மட்டும்தான் சாதி, பெண்ணியவாதிக்கு மட்டும்தான் கொள்கை. மற்றவர்கள் எல்லோரும் பின்புலம் இல்லாமல் வானத்திலிருந்து இறங்கியவர்கள்.

வழக்கு 1977இல் சமரசத்தில் முடிந்தது. வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு ஆகியவற்றுக்கு முறையான விதிகளை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு மாட்லி முன் இன்னொரு வேலைவாய்ப்பு வழக்கு. பேஸ்பால் ஆட்டத்தின் பிறகு வீரர்களின் உடைமாற்றும் அறையில் ஆண் நிருபர்கள் பேட்டி எடுப்பார்கள், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் மெலிசா லட்கே வெளியே நிற்க வேண்டும். அந்த அரங்கம் நகராட்சிக்குச் சொந்தமானது, ஆகவே அரசமைப்பின் சமத்துவ விதி அங்கேயும் செல்லும் என்று சொல்லி, வீரர்களின் அந்தரங்கத்துக்கு ஒரு துண்டு போதும் என்ற அளவில் அதை முடித்துவைத்தார்.

அவர் எப்போதும் பெண்கள் பக்கமே தீர்ப்பளித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பாகுபாட்டு வழக்குகளில் பலர் அவரிடம் தோற்றிருக்கிறார்கள். சிலருக்கு அது ஏமாற்றமாகவும் இருந்திருக்கிறது. எனக்கும் முதலில் இருந்தது. ஆனால் அவர் உரிமை கோரியது தீர்ப்பளிக்கும் நாற்காலிக்கு. எங்களுக்குச் சாதகமாகத்தான் உட்காருவார் என்று நாம் எதிர்பார்த்தால், அந்தப் பிரமாணப் பத்திரத்தில் நாமும் கையெழுத்துப் போட்டதாக ஆகும்.

நிறுவனங்களுக்குள் நுழைந்த பெண்கள் அடுத்து மோதிய சுவர் பங்காளிப் பதவி. அட்லாண்டாவின் கிங் அண்ட் ஸ்பால்டிங் நிறுவனத்தில் 1972இல் சேர்ந்த எலிசபெத் ஹிஷனைப் பங்காளியாக்க மறுத்து, 1979 முடிவில் வெளியே அனுப்பினார்கள். 50க்கும் மேற்பட்ட பங்காளிகள், ஒருவர்கூடப் பெண் இல்லை. யாரோடு கூட்டுச் சேர்வது என்பது எங்கள் சுதந்திரம் என்று நிறுவனம் வாதிட்டது. அதற்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் சார்ல்ஸ் மார்கன், ஒரு காலத்தில் பர்மிங்ஹாமில் இனவெறியை எதிர்த்துப் பேசி ஊரை விட்டே போக நேர்ந்த குடியுரிமை வழக்கறிஞர். பின்புலத்தை வைத்து ஒருவரைக் கணிப்பவர்களுக்கு மார்கனைக் காட்டலாம். 1984 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஹிஷன் பக்கம் நின்றது. பங்காளியாகப் பரிசீலிப்போம் என்ற வாக்குறுதி வேலை நிபந்தனையின் பகுதி என்றால், அதில் பாகுபாடு காட்டக் கூடாது. அந்த ஒன்பது பேரில் ஒருவர், செயலாளர் வேலை தருகிறோம் என்று ஒருகாலத்தில் சொல்லப்பட்ட ஓ'கானர். அவரை விலகச் சொல்லி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மாட்லியின் உத்தரவு அப்போது ஒன்பது ஆண்டுப் பழசாகியிருந்தது.

மாட்லி 2005இல் இறந்தார். அவருடைய உத்தரவின் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, என் கவிதையின் அடிக்கோடிட்ட நகலோடு. எங்கள் சட்டம் 2013இல் வந்தது. 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும், குழுவுக்கு மூத்த பெண் ஒருவர் தலைமை வகிக்க வேண்டும், பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் குழுவிலும் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது, நான் போன பிறகும் சரியாகவே இருந்தது.

அந்த இளம் விரிவுரையாளர் இப்போது ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறார். ஒரு திருமண வீட்டில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார். நான் ஏன் விலகினேன் என்று அவர் கேட்கவில்லை. என் கடிதத்தில் இருந்த 'சொந்தக் காரணங்கள்' அவர் பார்வைக்கும் போயிருக்கும். மாட்லியைப் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள், எழுந்துவிட்டோம்.

இந்த ஜூனில் குழுவை மாற்றியமைப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. விருப்பம் தெரிவித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். தகுதியும் அனுபவமும் என்ற கட்டத்தில் முனைவர் பட்டத்துக்குக் கீழே இரண்டு தொகுப்புகளின் பெயர்களையும், வெளியான ஆண்டோடு, எழுதினேன். இதுவரை பதில் இல்லை.